சோழன் காசில் ஒரு தாலி

மிலேனியம் கொண்டாடி முடித்த மறுவருடம், மகன் கட்டப்போகும் தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்தோம். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரையும் அழைத்து, அவர்கள் கண்முன்னே ஒரு பொற்காசை உருக்கித் தாலி செய்யக் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். லண்டனில் எல்லோரும் உருக்குவது மகாராணியின் தலை போட்ட பவுனைத்தான். நான் அதை உருக்கமாட்டேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெற்றோல் ஷெட்டில் இரவும் பகலும் நின்று, கடைசியில் அந்த ஷெட்டையே வாங்கியவன். ஹரோவில் வீடு வாங்கியபோதும் ஒருவரிடமும் யோசனை கேட்கவில்லை. இதற்கா கேட்பேன்?

பழங்காசு விற்கும் கடையொன்றில் சோழர் காலத்துப் பொற்காசு ஒன்றை வாங்கினேன். நடுவில் புலி குந்தியிருக்கும். பக்கத்தில் மீனும் வில்லும். விலையைச் சொன்னால் இன்றைக்கும் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பொன்னுருக்கு அன்று காலை, காசைப் பார்க்க வாங்கிய சம்பந்தி அதைத் திருப்பித் தரவில்லை. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, வங்கியில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர்.

"இதையா உருக்கப் போறீங்க? மியூசியத்துல இருக்க வேண்டியதுங்க."

"கண்ணாடிக்குள்ளை கிடந்து என்ன செய்யப்போகுது? எங்கடை மருமகள் கழுத்திலை கிடக்கட்டும். சோழன் அடிச்சது சனம் புழங்கத்தானே?"

"உருக்கிட்டா திரும்ப வருமா?"

"வராது. தெரிஞ்சுதான் உருக்கிறன்."

நகை செய்ய வந்திருந்த பத்தர் அவர் கையிலிருந்து காசை வாங்கி, உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இதிலை வெள்ளி கலந்திருக்கு. தாலி வெளிறிப் போகும். பவுன் ஒண்டு இருந்தால் தாங்கோ."

மனைவி இதை எதிர்பார்த்தே நின்றிருக்கிறாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பவுனை அவிழ்த்தாள்.

"பிடிவாதம் பிடிக்காதேங்கோ. நல்ல நேரம் போகுது."

பவுனை அவள் கைக்குள்ளேயே வைத்து மூடினேன். சோழன் காசை எடுத்து, நெருப்பிலிருந்த மூசைக்குள் நானே போட்டேன். முதலில் மீன் போயிற்று. பிறகு வில். புலி கொஞ்ச நேரம் நின்றது. சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணத்தன்று தாலி வெளிறித்தான் இருந்தது. மண்டபத்தில் பெண்கள் வரிசையில், "நைன் கரட்டோ?" என்று ஒரு கிசுகிசுப்பு. நானே எழுந்து போனேன்.

"ஓம் பிள்ளையள், கலப்புத்தான். எங்கடை அரசன் கலந்த கலப்பு."