நாத்தத்துரை வீட்டுச் சாப்பாடு

தெருவில் அவருக்கு நாத்தத்துரை என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, ஆனால் நல்ல மூக்குள்ள ஆள். துரை பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். அதில் அவர் சௌகரியமாகக் கையைக் காலை நீட்டிக்கொண்டு வருவார்.

வேலை அப்படி. வெளிநாட்டுச் சாப்பாட்டுச் சரக்கு வந்து இறங்குகிற கிடங்கில் அவர் சோதனைக்காரர். பிஸ்கட்டையும் ஜாமையும் சோதிக்க வேறு ஆட்கள் உண்டு. துரையிடம் வருவதெல்லாம், அந்தந்த ஊர்க்காரர்கள் வேண்டுமென்றே அழுகவிட்டு, புளிக்கவிட்டு, பூசணம் பிடிக்கவிட்டு ஆசையாகத் தின்கிற வகை. மண்ணில் புதைத்துத் தோண்டி எடுத்துக் காற்றில் தொங்கவிட்ட சுறா, சாம்பலிலும் சுண்ணாம்பிலும் கிடந்து கறுத்த முட்டை, உள்ளே புளித்துப் புளித்து டப்பாவையே வீங்க வைக்கும் மீன். ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றைத் திறந்து முகர்ந்து, நாக்கில் ஒரு துளி வைத்து, இது முறையாகக் கெட்டதா, இல்லை நிஜமாகவே கெட்டுப்போனதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வாந்தி எடுத்து எடுத்துத்தான் கற்றுக்கொண்டார். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. மூக்கு இருக்கும்போது எழுத்து எதற்கு என்பார்.

அவர் மனைவி படு சுத்தக்காரி. கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டாள். வேலைச் சட்டை வாசற்படி தாண்டக்கூடாது, சோப்பு இரண்டு தடவை போட்டுக் குளிக்காமல் பேச்சு கிடையாது, கிடங்கைப் பற்றி வீட்டில் வாயே திறக்கக்கூடாது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. பேச ஒருத்தி, அவளிடமும் இதைப் பேச முடியாது. நாள் பூராவும் உலகத்து அதிசயத்தையெல்லாம் நாக்கில் வைத்துவிட்டு வருகிற மனுஷன், ராத்திரிச் சாப்பாட்டில் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார். அப்படியே காலம் ஓடிவிட்டது.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் முதலில் போனது நாக்கு. சோற்றை வைத்தால் மண் என்றாள், பழம் கொடுத்தால் இரும்பைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எடை குறைந்தால் உடம்பு மருந்தைத் தாங்காது, நிறுத்த வேண்டி வரும், எப்படியாவது சாப்பிட வையுங்கள். துரை கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் சமையல்கட்டில் போய் அழுதார். எடை இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவசரத்தில் வேலைச் சட்டையோடு கட்டிலருகே வந்துவிட்டார். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. அது என்ன வாசனை என்று கேட்டாள். கறுப்பு முட்டை என்றார் பயந்துகொண்டே. அது எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டாள். பிறகு, எனக்கு ஒன்று கொண்டு வாருங்கள் என்றாள்.

துரைக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடினார். பச்சையாக எதுவும் வேண்டாம், அடைத்து வந்ததை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்று அனுமதி கிடைத்தது. மறுநாள் முட்டையைக் கஞ்சியில் பிசைந்து ஊட்டினார். ஊட்டும்போதே கதையும் சொன்னார். அவள் கிண்ணத்தை முடித்துவிட்டு, நாக்கில் ஏதோ தெரிகிறது என்றாள்.

அதன்பின் வீடு வீடாக இல்லை. நூல் நூலாக இழுக்கும் சோயாக்கொட்டை, பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழு, வீங்கிய டப்பா மீன். மீன் டப்பாவை வாளித் தண்ணீருக்குள் அமுக்கித் திறந்தும், கீழ்வீட்டுக்காரர் சாக்கடை உடைந்துவிட்டதோ என்று மேலே வந்து பார்த்தார். அவள் சிரித்த சிரிப்பில் கஞ்சி புரையேறியது. எடை நின்றது, பிறகு கொஞ்சம் ஏறியும் காட்டியது. துரை கிடங்கு முழுக்கத் தம்பட்டம் அடித்தார். அவளுக்கு நாக்கு திரும்பிவிட்டது, நம் சரக்கு செத்த நாக்கையும் எழுப்பும் என்றார்.

அந்த வாரம் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு அடைத்த சோதனைக்காரருக்குக் கிடங்கில் என்ன வேலை? மேனேஜர் அவரைப் பெட்டி அடுக்கச் சொல்லிவிட்டார். துரை அன்றைக்கும் வெறுங்கையோடு போக மனமில்லாமல், வழக்கமான அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு போனார். புளித்த சோயாக்கட்டி. பூனைக்குட்டி மாதிரி மயிர் முளைக்கும்வரை பூசணம் பிடிக்கவிட்டு, உப்பிலும் மிளகாயிலும் ஊறப்போடுவார்கள் என்று கதையை விரித்தார். ஆவியில் வேகவைத்து ஊட்டினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, என்ன காரம். மூக்கு வரைக்கும் ஏறுதுங்க."

துரை மகிழ்ந்துபோனார். மிச்சத்தைச் சமையல்கட்டில் நின்றபடி தன் வாயில் போட்டுக்கொண்டார். உப்பு இல்லை. இன்னொரு துண்டு போட்டார். காரமும் இல்லை. ஜலதோஷம் வாசனையை மறைக்கும், உப்பையும் மிளகாயையும் மறைக்காது. ஜாடித் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நக்கினார். வெறும் தண்ணீர். யாரோ மாற்றி அடுக்கிய, புளிக்கவிடாத வெறும் சோயாக்கட்டி அது, ஒரு ருசியும் இல்லாத வெள்ளைக்கட்டி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூக்கு திறந்திருந்தால் மூடியைத் திறந்ததுமே தெரிந்திருக்கும்.

அப்படியானால் முட்டை? மீன்? அத்தனை கிண்ணமும்? அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு நெஞ்சு உடைந்துவிட்டது. இதை வேறு எப்படிச் சொல்வது.

கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். அதில் உப்பும் இல்லை, காரமும் இல்லை, நான் ஜாடி மாற்றி எடுத்து வந்துவிட்டேன் என்றார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா," என்றாள்.

"ஒண்ணுமே தெரியலையா உனக்கு? ஒருநாள்கூடவா?"

"எல்லாம் மண்ணுதாங்க. முதல் நாள்லேர்ந்து மண்ணுதான்."

"அப்புறம் எப்படிம்மா முழுங்கின?"

"நீங்க கிடங்கு கதை சொல்லும்போது உங்க முகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷமா நான்தான் அதைப் பாக்காம விட்டுட்டேன். வாயத் தொறந்தா நீங்க சொல்வீங்க. அதான் தொறந்தேன்."

துரை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த கை. தராசில் ஏறியது சதையில்லை, காலில் கோத்த தண்ணீர் என்று டாக்டரம்மா போன தடவையே சொல்லியிருந்தார். துரைதான் காதில் வாங்கவில்லை.

"ஒவ்வொரு வாயும் வலிக்குதுங்க," என்றாள் அவள். "ராத்திரி பூரா வயிறு பிசையுது. நான் நிறுத்திக்கட்டுமா? நீங்க சரின்னு சொன்னாத்தான்."

நிறுத்தினால் மருந்தும் நிற்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும். துரை வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். நாளைக்கு வேறு ஏதாவது கொண்டு வருகிறேன், இன்னும் காரமாக, இன்னும் நாற்றமாக என்று சொல்லத்தான் நினைத்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டு வந்தால் அதையும் தின்றுவிடுவாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லுவாள்.

"சரிம்மா," என்றார். "போதும். நிறுத்திக்கோ."

அவள் பெருமூச்சு விட்டுத் தலையணையில் சாய்ந்தாள். இவ்வளவு நாளில் அவள் முகம் அப்படி இறுக்கம் தளர்ந்து அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறுத்து, இந்தச் சுறாவை எதற்குப் புதைக்கிறார்கள், அதை நீங்கள் சொல்லவே இல்லையே என்றாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். குரல் இரண்டு தடவை உடைந்தது. அவள் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.