பாதத்தில் வைத்த கரண்டி

அண்ணனின் வலது கால் முதன்முதலாக உதைத்தபோது அண்ணி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கை தவறிய சின்னக் கரண்டி கட்டிலில் விழுந்து சரிந்து, அவருடைய உள்ளங்காலில் போய் முட்டியது. உடனே கால் சடக்கென்று மடங்கி, போர்வையை உதறிவிட்டு நீண்டது. அண்ணி போட்ட சத்தத்தில் வரிசை வீடுகள் கொண்ட முழு லயமும் எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு ஓடிவந்துவிட்டது.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரத்தில் ஏறிக் கிளை வெட்டியபோது விழுந்தவர் அண்ணன். முதுகெலும்பு உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். அப்படிப்பட்ட கால் ஆடினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அவர் தன் சொந்தக் காலால் நடந்துவந்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பார் என்று அண்ணி அன்றைக்கே நேர்ந்துகொண்டார்.

அதன் பிறகு அந்தக் கரண்டி சமையலுக்குப் போகவில்லை. கழுவித் துடைத்து அண்ணனின் தலைமாட்டு ஜன்னலில் வைக்கப்பட்டது. அண்ணி கொழுந்து பறிக்கப் போகுமுன் அதைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து அவருடைய பாதத்தில் வைப்பார். கால் உதைக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கூடையை எடுப்பார். நலம் விசாரிக்க வருபவர்களும் பிஸ்கட் பக்கெட்டை ஒரு கையில் நீட்டி மறு கையால் கரண்டியைக் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் கால் உதைத்ததும் அந்த முகங்களில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தால், அடுத்து வருபவருக்கு நானே கரண்டியை எடுத்து நீட்டுவேன்.

நான் பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தெறிவினை என்று தலைப்பிட்டு, கால், முண்ணாண் என்னும் தண்டுவடம், மறுபடியும் கால் என்று அம்புக்குறி போட்டுக் கரும்பலகையில் வருடம் தவறாமல் வரைகிறவள். முள் குத்தினால் மூளையைக் கேட்காமலே கால் விலகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் இது. ஆனாலும் முதல் நாள் நானும் அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதேன். நம் வீட்டுக் கால் என்று வந்துவிட்டால் படித்ததெல்லாம் எங்கே நினைவுக்கு வருகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அண்ணி கரண்டியை வைத்தார். கால் உதைத்தது. அண்ணன் பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, முழுப் பலத்தையும் காலுக்கு அனுப்புகிறவர் போல முகத்தை இறுக்கினார். ஆனால் கால் முந்திவிட்டது, முகம் பிந்தித்தான் வந்தது. மறு வாரமும் பார்த்தேன், அப்படியேதான். அவர் காலை ஆட்டவில்லை. கால் ஆடுவதைப் பார்த்துவிட்டு அதோடு சேர்ந்துகொண்டிருந்தார். அண்ணியின் கண் எப்போதும் பாதத்தில் இருந்ததால் அவருக்கு இது தெரிய வழியில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் கால் கரண்டிக்குக் காத்திருக்கவில்லை. தன்பாட்டில் உதைத்தது, இழுத்தது. குதிகால் கட்டில் விளிம்பில் உரசி உரசிப் புண்ணாகியது. ஒரு நாள் சக்கர நாற்காலியில் இருந்தவரைக் கால் முற்றத்தில் குப்புறத் தள்ளிவிட்டது. அடுத்த கிளினிக்கில் நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அண்ணிக்கு வேலை நாள், அதனால் பதுளைக்கு அவரைக் கூட்டிப்போனது நான்.

பரிசோதனை செய்தவர் ஓர் இளம் சிங்கள டொக்டர். தமிழும் கொஞ்சம் பேசினார். தசையில் ஏற்படும் மின்துடிப்பை அந்த இயந்திரம் திரையில் கோடாகக் காட்டும், ஒலிபெருக்கியில் சத்தமாகவும் போடும். சரியான சத்தம் எப்படி இருக்கும் என்று அண்ணன் கேட்டார். டொக்டர் சிரித்துக்கொண்டே என் கெண்டைக்காலில் வயர்களை ஒட்டி, பாதத்தைத் தரையில் ஊன்றி அழுத்தச் சொன்னார். லயத்துத் தகரக் கூரையில் பெரிய மழை இறங்கினால் கேட்கும் அதே சத்தம் அறை முழுவதும் கேட்டது. அழுத்தத்தைக் குறைத்தேன், தூறலாகியது.

மூளை ஒரு தடவை கட்டளையிட்டுவிட்டு ஒதுங்கிவிடுவதில்லை என்று டொக்டர் விளக்கினார். தசையை இறுக்கி வைத்திருக்கும் நேரம் முழுவதும் அது முண்ணாண் வழியாகத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். தசையும் தன் நிலைமையை வந்த வழியே திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்தால் மூளையும் தசையும் ஒரே தாளத்தில் துடிப்பது தெரியுமாம். இதெல்லாம் நான் படிப்பிக்கும் புத்தகத்தில் இல்லை.

பிறகு வயர்களை அண்ணனின் காலுக்கு மாற்றினார். "அழுத்துங்க" என்றார். அண்ணனின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை.

"நம்ம பக்கம் மழ இல்ல போல" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

டொக்டர் ஒரு குச்சியால் அவருடைய உள்ளங்காலைக் கீறினார். கால் உதைத்தது, ஒலிபெருக்கியில் மழை கொட்டி ஓய்ந்தது. இது காயத்துக்குக் கீழே உள்ள முண்ணாண் தன்பாட்டில் செய்வது, மேலேயிருந்து எதுவும் வந்து சேரவில்லை, இனி வரும் என்று சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை என்றார். உதைப்பைக் குறைக்க மாத்திரை எழுதினார். புண் ஆற வேண்டுமென்றால் கால் அடங்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அண்ணன் என் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த மாத்திர இப்ப வேணாம் தங்கச்சி."

"புண்ணு புரையோடினா யாரு பாக்கிறது?"

"போட்டா கால் ஆடாதே."

"ஆடாட்டி போகட்டும். அது ஒங்க கால் இல்லன்னு ஒங்களுக்கே தெரியும். எனக்குந் தெரியும். நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் ஒங்க நடிப்ப!"

ஆத்திரத்தில் வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை.

"மொத நாளே தெரியும்டா" என்றார். "ஆனா அவ காலைல எந்திரிச்சு அதத் தொட்டுப் பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு மலைக்குப் போறா. எங்கிட்ட அவளுக்குக் குடுக்க வேற என்ன இருக்கு?"

மழை கூடினால் மண் சரியுமோ என்று மலையைப் பார்த்துக்கொண்டே படுக்கிற ஊர் எங்களுடையது. மண் சரிகிறது என்று ஓடச் சொன்னால் அவரை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று அண்ணி ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. அதற்குள் இவர் நடந்துவிடுவார் என்பது அவருடைய கணக்கு. வீடு வரும்வரை நான் வெளியே பார்த்தபடி அழுதேன்.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"இறுக்கம் கொறைய மாத்திர குடுத்திருக்காங்க அண்ணி. புண்ணு ஆறிருமாம்."

சொன்னது பொய்யில்லை, பாதிதான். அண்ணி மாத்திரைப் பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இறுக்கம் குறைந்தால் சீக்கிரம் நடப்பார் என்று அவர் எடுத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. அதன் பிறகு அண்ணனால் மாத்திரையை மறுக்கவும் முடியவில்லை. அண்ணி ஒரு வேளை தவறாமல் சுடுதண்ணீரோடு கொடுத்தார். புண் காயத் தொடங்கியது. உதைப்பு குறைந்துகொண்டே வந்தது.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு நான் போயிருந்த ஒரு காலையில், அண்ணி கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி வந்தார். கரண்டியைத் தண்ணீரில் நனைத்தார். அண்ணனின் பாதத்தில் வைத்தார்.

அண்ணனுக்கு அது பழகிப்போயிருந்தது. பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, முகம் முழுவதும் இறுகிச் சிவந்தது. கால் அப்படியே கிடந்தது.

அண்ணி பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அண்ணன் முகத்தைத் தளர்த்த மறந்து இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க" என்றார் அண்ணி. "போதுங்க."

முந்தானையால் அவருடைய பாதத்தின் ஈரத்தைத் துடைத்தார். போர்வையை இழுத்து மூடினார். பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கூடையோடு படியிறங்கினார், ஆனால் பாதையில் கொஞ்ச தூரம் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை அண்ணி எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். சீனிப் போத்தலைத் திறந்தேன். அந்தக் கரண்டி உள்ளே கிடந்தது.