சேகரித்தவர்: பாஸ்கல்

செய்தி வந்தபோது காலை பத்து நாற்பது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஆய்வு மாணவி விஜிலா மெத்தனாலை வற்றவைத்துக்கொண்டிருந்தாள். போனில் பேசியவன் படகோட்டி பெனிஸ்டன்.

"விஜிலா, பாஸ்கல் அண்ணன் தவறிட்டாவ. பல்லு வெளக்கிட்டு நிக்கையில நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்திருக்காவ. ஆஸ்பத்திரி வாசலோட முடிஞ்சி போச்சி."

அவள் கருவியை நிறுத்திவிட்டுத் துறைத்தலைவர் பாண்டித்துரையின் அறைக்கு ஓடினாள். சொன்னாள். அவர் கையிலிருந்த பேனாவைக்கூட மூடவில்லை. "அடடா" என்றார். பிறகு கேட்டார்: "அந்த நோட்டு எங்க இருக்கு? அவன் வீட்லயா, இங்கயா?"

பதினான்கு வருடம் தன்னிடம் வேலை பார்த்த மனிதனுக்கு அவர் பாடிய இரங்கற்பா அவ்வளவுதான்.

பாஸ்கல் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். நாற்பத்திரண்டு வயதுவரை சங்கு குளித்தார். காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினால் கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டுகளைத் தன் தெருவைப் போல அடையாளம் சொல்லுவார். கடற்பஞ்சிலிருந்து மருந்துச் சரக்கு பிரிக்கப்போகிறோம் என்று கல்லூரி கிளம்பியபோது, தண்ணீருக்குள் போக ஆள் வேண்டியிருந்தது. அப்படி வந்து சேர்ந்தார். கல்லூரிப் பதிவேட்டில் அவருடைய பதவி 'வாட்டர்மேன்'. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறவர். அதுவும் தற்காலிகம்.

அவர் பெயர் முழுதாக, தலைப்பெழுத்தோடு, அச்சில் வந்த காகிதம் ஒன்றே ஒன்று உண்டு. வனத்துறையின் அனுமதிக் கடிதம். கடற்பஞ்சைச் சட்டம் பாதுகாக்கிறது. எடுக்கிறவன் யார் என்று எழுதிக் கொடுக்காமல் தொட முடியாது. அந்தக் கடிதத்தில் 'சேகரிப்பவர்' என்ற இடத்தில் பாஸ்கல் பெயரைப் போட்டவர் பாண்டித்துரைதான். ஒருமுறை கடிதத்தின் தவணை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. புதுப்பிக்க மறந்தவர் பேராசிரியர். நடுக்கடலில் பிடிபட்டவர் பாஸ்கல். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஈரத்துணியோடு ஓர் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாண்டித்துரையின் போன் அன்று முழுக்க அணைந்தே கிடந்தது.

மறுநாள் பாஸ்கல் சொன்னது இதுதான்: "மாட்டுனா பாஸ்கல், மால போட்டா சாரு. நல்ல பங்கு."

பேராசிரியருக்கு மாலை விழ வழி செய்ததும் பாஸ்கல்தான். கடலடியில் எந்தப் பொருள் அசையாமல் கிடந்தாலும் பொடிச்சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளும். மங்கிய மஞ்சளாக இருந்த ஒரு பஞ்சின்மேல் மட்டும் எதுவும் ஒட்டவில்லை என்பதை அவர் கண்டார். அதிலும் பாறையின் நிழல் பக்கத்துப் பஞ்சுதான் அவ்வளவு சுத்தம். வெயில் பக்கத்துப் பஞ்சில் சிப்பி ஏறியிருந்தது. இரண்டையும் தனித்தனிப் பையில் கொண்டுவந்து போட்டார். "ஏன் இதுல மட்டும் ஒட்டல? அதப் பாருங்க சார்" என்றார். ஐஸில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தால் பஞ்சு கறுத்துப்போகிறது, சரக்கு கெட்டுவிடுகிறது. படகிலேயே நறுக்கி மெத்தனாலில் போடவேண்டும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். 'ஏன் ஒட்டல' என்ற அந்தக் கேள்வியில்தான், பிறகு பத்திரிகைக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரையின் முதல் வாக்கியம் தொடங்கியது. செய்முறைப் பகுதியின் பாதி அந்தப் படகில் நடந்தது.

ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் பாண்டித்துரை. இரண்டாவது விஜிலா. மூன்றாவது, சென்னையில் ஒருநாள் கருவி ஓட்டிக்கொடுத்த நண்பர். நான்காவது கல்லூரிச் செயலர். கடற்பஞ்சையும் பாத்திரம் தேய்க்கிற பஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செயலருக்கு வித்தியாசம் தெரியாது. கடைசிப் பக்கத்தில், 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. எந்த ஊழியர் என்று இல்லை.

விஜிலா அதைப் படித்தாள். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவே வளர்ந்தவள். அந்தப் படகில் ஏறும்போதெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டே கூடப் போனவள். யார் செய்தது என்று எல்லாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். 'நான் இதற்கு உடன்படுகிறேன்' என்ற கட்டத்தில் கையெழுத்தும் போட்டாள். அவளை இதிலிருந்து தப்பவிட முடியாது.

பத்திரிகைக்காகக் கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அதே இடத்தில், அதே ஆழத்தில் புதிதாகப் பஞ்செடுத்து, சரக்கைத் திரும்பப் பிரித்துக் காட்டவேண்டும். பாண்டித்துரை பாஸ்கலைக் கூப்பிட்டார்.

"ஏலே பாஸ்கல், நாளைக்கே எறங்கணும்."

"எறங்குதேன் சார். எம் பேரையும் அந்தப் பட்டியல்ல போடுங்க."

"எட்டாங்கிளாஸ் படிச்சவன் பேரப் போட்டா ஒலகமே சிரிக்கும்லே."

"அப்போ ஒலகத்தையே எறங்கச் சொல்லுங்க."

வெளியூரிலிருந்து வேறு ஒரு முக்குளிப்பவன் வந்தான். முதுகில் சிலிண்டர், கையில் ஆழம் காட்டும் கடிகாரம். கட்டுரையில் ஏழு மீட்டர் என்றிருந்தது. சரியாக ஏழு மீட்டரில் தேடி மூன்று கிலோ அள்ளி வந்தான். விஜிலா ஒரு மாதம் பிரித்தாள். ஒன்றுமில்லை.

அன்று தேநீர்க் கடையில் பாஸ்கல் அவளிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"ஏளா, நான் ஏழுன்னுதான் சொன்னேன். மீட்டர்னு சொன்னேனா? கடல்ல எவன் மீட்டர்ல சொல்லுதான்? ரெண்டு கையயும் விரிச்சா ஒரு பாகம், ஆறடி. ஏழு பாகம்னா எவ்வளவு ஆவுது, நீயே போடு."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதின்மூன்று மீட்டர். அட்டவணையில் வெறும் '7' என்று எழுதிக் கொடுத்தவள் அவள். பக்கத்தில் மீட்டர் என்று சேர்த்தவர் பாண்டித்துரை. அந்தப் படகில் அவர் ஒருமுறைகூட ஏறியதில்லை.

"அண்ணே, இத சார்ட்ட சொல்லிரலாமே."

"சொல்லுவேன். எம் பேரப் போடச் சொல்லு."

"நான் எப்படிண்ணே கேக்க..."

"நீ கேக்க மாட்ட. ஒனக்கு டாக்டர் பட்டம் வேணும்லா." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால் அவளுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்குப் பெனிஸ்டன் போன் செய்தான்.

ஊரில் சாவுக்குத் தோள்கொடுக்கும் கொம்பிரியார் சபை ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். பேராசிரியர் மலர்வளையத்தோடு வந்தார். 'எங்கள் துறையின் அன்புச் சகோதரர்' என்று நாடாவில் எழுதியிருந்தது. சகோதரரின் பெயர் அதிலும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பேராசிரியர் பாஸ்கல் வீட்டுக்கே வந்துவிட்டார். விஜிலா அங்கே ஜெபத்துக்கு வந்திருந்தாள். பாஸ்கலின் மனைவி இசபெல்லா நாற்காலியை எடுத்துப்போட்டாள், உட்காரச் சொல்லவில்லை.

"இசபெல்லா, அவரு ஒரு நோட்டு வச்சிருந்தாரு. எங்க எடுத்தது, எவ்வளவு ஆழம், எல்லாம் அதுலதான். அது கல்லூரிச் சொத்து."

"அப்படியா சார்? அத எழுதுன கையி யாரு சொத்து? அதயும் கேப்பீயளோ? முந்தாநாத்துதான் கல்லறையில வச்சி மூடுனோம். தோண்டித் தரவா?"

"நீ கோவத்துல பேசுற."

"பின்ன? புருசன் செத்தவ சிரிச்சிக்கிட்டா பேசுவா?"

"அவர விட்டுரலியேம்மா. கட்டுரையில நன்றின்னு போட்டிருக்கோம்."

"பேரு போட்டீயளா?"

"பொதுவா... ஊழியர்களுக்குன்னு..."

"ஊழியருன்னா யாரு சார்? எங்க வீட்டுக்காரரா, அங்கன கூட்டிப் பெருக்குத அக்காவா, கேட்டுல தூங்குத வாச்சுமேனா? மாட்டிவிடுத காயிதத்துல மட்டும் அப்பன் பேரோட சேத்து எழுதத் தெரிஞ்சிச்சி. இதுக்கு எழுதும்போது மை தீந்து போச்சோ?"

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். பேராசிரியர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தாண்டி விஜிலாவின் மடியில் அதைப் போட்டாள்.

"நீ வச்சிக்க. நீயும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. எல்லாம் சொல்லியிருக்காவ. ஆனா படகுல கூடவாவது போன."

தெருவுக்கு வந்ததும் பாண்டித்துரை, "கொண்டா" என்றார்.

விஜிலா நோட்டைப் பைக்குள் வைத்தாள். "பட்டியல்ல அவர் பேர் வரட்டும் சார். தாரேன்."

"பைத்தியமா உனக்கு? செத்தவனுக்குப் பேர் எதுக்கு?"

"உயிரோட இருக்கும்போது கேட்டாரு. அப்பவும் குடுக்கலியே."

"படிப்பு இல்லாதவன்..."

"செயலர் எந்தப் பஞ்சப் படிச்சாரு சார்?"

அவர் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தினார். "உன் தீசிஸ்ல என் கையெழுத்து இல்லாம நீ வெளிய போக முடியாது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். அதனாலதான் போன தடவ வாய மூடிட்டு இருந்தேன்."

மறுநாள் மதியம் அவள் நூலகத்தில் உட்கார்ந்து பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள். கட்டுரையிலுள்ள ஆழம் தவறு. நிழல் பக்கத்துப் பஞ்சைக் கண்டுசொன்னவரும், படகிலேயே கரைத்தெடுக்கும் முறையை வகுத்தவரும் பட்டியலில் இல்லை. சேகரித்தவர் யார் என்பதற்கு வனத்துறைக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். அதில் துறைத்தலைவரின் கையெழுத்து இருக்கிறது. இந்த அநியாயம் தெரிந்தே நானும் உடன்பட்டுக் கையெழுத்திட்டேன்; அதைத் திரும்பப் பெறுகிறேன். வேறு அலங்காரம் எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை.

பதில் ஒன்பதாம் நாள் வந்தது. எல்லா ஆசிரியர்களும் விளக்கம் தரும்வரை கட்டுரை நிறுத்திவைக்கப்படுகிறது. இறந்தவரைச் சேர்க்கலாம், குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

பாண்டித்துரை துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். சோறு போட்ட கையைக் கடிக்கிறாள் என்றார். இனி அவளுக்கு வழிகாட்டியாக இருக்கப்போவதில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். எல்லாம் செய்து முடித்தபின் உட்கார்ந்து யோசித்தார். அவர் எழுதிய ஏழு மீட்டர் தவறு என்று பத்திரிகைக்குத் தெரிந்துவிட்டது. சரியான இடத்தைச் சொல்லும் நோட்டு அவளிடம் இருக்கிறது. பத்திரிகையே விளக்கம் கேட்கிறது. வேறு வழியில்லாமல் புதிய பட்டியலை அனுப்பினார். பாஸ்கலின் பெயர் ஐந்தாவதாக, செயலருக்குக் கீழே, பக்கத்தில் இறந்தவர் என்று காட்டும் ஒரு சிறு குருசு அடையாளத்தோடு வந்தது.

விஜிலா சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள். இசபெல்லா பட்டியலை விரலால் எண்ணினாள்.

"அஞ்சாவதா? ஏலத்துக்குக் கடைசியா வாரவனுக்குத்தான் நாறுன மீனு. அந்த நாலாவது ஆளு யாரு, இவுகளுக்கு முன்னால?"

"அவர் செயலர், மாமி."

"கடலுக்குப் போவாரோ?"

"கடற்கரைக்கு நடக்கப் போவாரு."

இசபெல்லா சிரிக்கவில்லை. பேனாவை வாங்கினாள். "நல்லவனுவன்னு நெனச்சி நான் கையெழுத்துப் போடல. பேரு இல்லாமப் போனாம்னு நாளைக்கு எவனும் சொல்லப்படாது, அதுக்குத்தான்."

போட்டாள். நோட்டின் நகல் பத்திரிகைக்குப் போயிற்று. அசல் இசபெல்லாவிடம் திரும்பியது. விஜிலாவுக்கு வேறு வழிகாட்டி கிடைக்க ஒரு வருடமாவது ஆகும் என்றார்கள். ஆய்வகச் சாவியை ஒப்படைக்கும்படியும், உறைபெட்டியில் அவளுடைய பொருட்களைக் காலி செய்யும்படியும் துறையிலிருந்து ஒரு தாள் வந்தது.

அவள் உறைபெட்டியைத் திறந்தாள். அடித்தட்டில் ஒரு பாலிதீன் பொதி இருந்தது. உள்ளே மங்கிய மஞ்சள் பஞ்சு, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. வெளியே பாஸ்கலின் கையெழுத்தில் தேதி. தேநீர்க் கடையில் பேசிய அந்த வெள்ளிக்கு மறுநாள். பெனிஸ்டனைக் கேட்டாள்.

"ஆமா, சனிக்கிழம காலையில எறங்குனாவ. அதே ஏழு பாகம். யாருட்டயும் சொல்லாதன்னாவ. பேரு போட்டாலும் போடாட்டியும் நம்ம சரக்கு பொய்யின்னு ஆயிரப்படாதுலே, அப்படின்னாவ."

பக்கத்தில் மெத்தனால் ஊற்றிய கண்ணாடிக் குடுவை ஒன்று இருந்தது. படகில் அன்று நறுக்க முடிந்ததை அதில் போட்டிருந்தார். விஜிலா இரண்டையும் எடை போட்டாள். மொத்தம் ஒரு கிலோ இருநூறு கிராமில் நானூறு கிராம்தான் நறுக்கியிருந்தது. பத்திரிகை கேட்டபடி சரக்கைப் பிரித்துக் காட்ட அது போதும்.