ஒரே சஹனில் இரண்டு கை

தொண்டியில் வலைக்கயிற்றுக் கடை வைத்திருக்கும் பாக்கர் யாருக்கும் பயந்த ஆள் இல்லை. சவூதியில் பாதி வயசைத் தொலைத்துவிட்டு வந்தவர். இப்போது அவரை ஆட்டிப்படைப்பது அவருடைய குடல்தான். உள்ளே புண். காரம், எண்ணெய், தோலோடு பயறு எதுவும் ஆகாது. குழைய வெந்த சோறு, முள் நீக்கிய மீன் என்று காலம் தள்ளுகிறார். தப்பித் தின்றால் ரத்தமாகப் போகும்.

விஷயம் வீட்டைத் தாண்டவில்லை. மகள் லாமியாவுக்கு இடம் பேசும் நேரம். குடல் நோய்க் குடும்பம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மிச்சத்தை ஊர் பேசிவிடும்.

நிச்சயத்தன்று பாக்கர் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையின் அத்தா முஹைதீனோடு அவரை ஒரே சஹனில் உட்கார வைத்துவிட்டார்கள். பெரிய தட்டு, சேர்ந்து கைபோட்டுச் சாப்பிட வேண்டும். தனித்தட்டு என்றால் பிசைந்து பிசைந்தே ஏமாற்றியிருப்பார். இங்கே ஒளிய இடமில்லை.

பாக்கர் வெறும் சோற்றை ஓரமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். முஹைதீனோ நல்ல சதையாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"என்ன சம்மந்தி, நீங்க தொடாத கறிய நான் எப்படித் திங்க? எங்க மேல ஏதும் மனத்தாங்கலா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. பாக்கர் ஒரு துண்டை எடுத்தார். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. மகளுக்காக முழுங்கித் தொலை என்றது மனசு. அப்புறம் கல்யாணம், வலீமா விருந்து, பெருநாள்... எத்தனை தடவை முழுங்குவது? துண்டைத் திரும்ப வைத்தார்.

"மனத்தாங்கல் இல்ல சம்மந்தி. எனக்குக் குடல்ல புண்ணு. அஞ்சாறு வருசமா இருக்கு. மறைச்சிட்டேன்."

முஹைதீனின் கை சோற்றின் மேல் அப்படியே நின்றது.

"ஒரே தட்டுல திங்கலாமா? ஒட்டிக்கிராது?" என்று அடுத்த சஹனிலிருந்து ஒரு குரல் கேட்டேவிட்டது. சில நாக்குகளுக்கு எப்போதும் அவசரம். ஒட்டாது என்று சொல்ல வாயெடுத்த பாக்கர் முஹைதீனின் கையையே பார்த்தார். அந்தக் கை மட்டும் எழுந்துவிட்டால் லாமியாவின் கல்யாணம் அவ்வளவுதான்.

கை எழவில்லை. கறியை எல்லாம் தன் பக்கம் வாரிக்கொண்டது.

"உள்ள யாரு? சம்மந்திக்கு ஒத்துக்கிற சோத்தக் கொண்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, திரை விலகியது. பாக்கரின் மனைவி உம்மு ஹபீபா குழைந்த சோற்றுச் சட்டியோடு அங்கனயேதான் நின்றிருந்தாள். முஹைதீன் அதை வாங்கிச் சஹனில் கொட்டி, முதல் பிடியைத் தன் வாயில் போட்டார்.

"காரமும் இல்ல, ஒரு மணமும் இல்ல. இதையா இத்தன வருசமா தின்னீக?"

பாக்கருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டார்.