அக்காவின் மேல் விழுந்த கிரகணப் பழி

எங்கள் அன்பு அக்கா பேரணாம்பட்டில் பீடி சுற்றும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தையல் முடிந்த ஷூக்களில் மிச்ச நூலைக் கத்தரிக்கும் வேலை பார்த்தார். பொறுமைசாலி. அந்தப் பொறுமை எனக்கு இல்லை. அதனால்தான் அவரது முதலாண்டு நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்காவின் தலைப்பிள்ளை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தான். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பச்சை உடம்புக்காரியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நம் உறவினர் என்ன சொன்னார்கள்?

"கிரகணத்தன்னிக்கு கம்பெனிக்குப் போயி கத்திரி புடிச்சா. புள்ளைக்கு முதுகு கீறிப்போச்சு."

அடப்பாவிகளா! அவர் கத்தரித்தது ஷூவின் நூலை அல்லவா?

வேலூரில் ஒரு டாக்டரம்மாதான் உண்மையைச் சொன்னார். குழந்தையின் முதுகுத்தண்டு முதல் மாதத்திலேயே, நாள் தள்ளிப்போனது உறுதியாவதற்குள், மூடிவிடுமாம். அதற்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிட்டு வந்தால் இந்தக் குறையைப் பெரும்பாலும் தடுக்கலாமாம். நம் வழக்கம் என்ன? கண்ணு பட்டுவிடும் என்று மூன்று மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, அப்புறம் மாத்திரைக்குப் போவது! அக்காவையும் அப்படித்தான் அடக்கி வைத்தார்கள்.

அடுத்த பிள்ளைக்கு, டாக்டரம்மா சொன்ன அளவில் முன்கூட்டியே சாப்பிட்டார். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். உடனே அதே வாய்கள், "சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றன.

அதன்பின் கம்பெனிக்குப் புதுப்பெண் யார் வந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் மாத்திரை வாங்கவைப்பார் அக்கா. ஒருநாள் ஒரு மாமியார் கம்பெனி பஸ்ஸையே மறித்துக்கொண்டார்.

"என் மருமவளுக்கு இன்னா மாத்திரை வாங்கிக் குடுக்கற? புள்ள நிறுத்தற மாத்திரையா?"

"ஆமாம்மா. புள்ளைய சொந்தக் கால்ல நிறுத்தற மாத்திரை" என்றார் அக்கா.

பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாவும், "சரி, போட்டுத் தொலையட்டும்" என்று வழிவிட்டார்.

அப்படிப்பட்டவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது, சாவு வீட்டிலும் விட்டார்களா? "கிரகணப் பாவம், சீக்கிரமே போய்ட்டா" என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. யாரென்று அவருக்கே தெரியும்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த கம்பெனித் தோழியருக்கும், அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மற்ற உறவினருக்கு ஒரே வார்த்தை: உங்கள் வீட்டுப் புதுப்பெண்ணிடம் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பதற்கு முன், "மாத்திரை போடறியா?" என்று கேளுங்கள். இல்லை, இன்னும் கிரகணம்தான் பேசுவோம் என்றால், நினைவு நாளன்று எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டாம்.