மூன்று கை உப்பு

உப்பு அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவள் இருப்பது ஒன்பது பெண்கள் சேர்ந்து நடத்தும் சமையல் கூட்டுறவில். தினமும் நூற்றெண்பது பேருக்கு மதியச் சாப்பாடு கட்டி அலுவலகங்களுக்கு அனுப்புகிறார்கள். பாத்திரம் தேய்க்க வந்தவள், பதினெட்டு வருஷத்தில் அங்கே தலைவியாகிவிட்டாள். ஆவி முகத்தில் பட்டாலே உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: எந்த அண்டாவிலும் ஒருத்தி மட்டும் உப்புப் போடக் கூடாது. முதலாமவள் ஒரு கை போடுவாள், ருசி பார்த்து இரண்டாமவள் ஒரு கை, அப்புறம் மூன்றாமவள். மூன்று பேரும் தலையாட்டினால்தான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும். தலைவிக்கும் இதில் சலுகை கிடையாது.

காய் கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போனதும் வந்தது சோதனை. சந்தையில் வாங்கிச் சமைத்தால் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. ஊருக்கு வெளியே காய்கறி விளைவிப்பவர்களின் பெரிய கூட்டுறவு ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர்களுக்குக் காய் சகாயமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே எல்லாரும் தனி ஆட்கள். ஒரு சங்கமே இன்னொரு சங்கத்தில் உறுப்பினராவது அவர்கள் கேள்விப்படாத சங்கதி. ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டுதான் என்று அக்கா நடையாய் நடந்து விளக்கினாள். பொதுக்கூட்டத்தில் கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்றார்கள். தோட்டக்காரர் ஒருவர், எல்லாருக்கும் அவர் தக்காளி அண்ணன், முதல் நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நின்றார். மண்ணில் கால் வைக்காதவர்களுக்கு இங்கே என்ன ஓட்டு என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

சரி, கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தன் கையால் சூப் வைத்துக் கொடுத்துவிடுவது என்று அக்கா முடிவு கட்டினாள். மற்ற எட்டுப் பேரும் அன்றைய சாப்பாட்டை விட்டு வர முடியாது. பேசுவதை எழுதி எடுத்துக்கொண்டு போ, பதறினால் உனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்று மகள் சொல்லி அனுப்பினாள். எழுதி எடுத்துப் போனாள். உப்பைப் பற்றித்தான் யாருக்கும் நினைப்பில்லை.

கூட்டம் நடக்கும் கிடங்கின் பின்னால் அடுப்பு. முதல் கை உப்பைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கரண்டியைப் பக்கவாட்டில் நீட்டினாள். வாங்க ஆள் இல்லை. இரண்டாம் கையையும் தானே போட்டாள். அதற்குள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வரும்படி செயலாளர் கூப்பிட்டார். திரும்பி வந்தால், போட்டது எத்தனை கை என்று மறந்துபோயிற்று. மூன்றாவது என்று ஒன்று போட்டாள். இல்லை, அது இரண்டாவதுதானோ என்று இன்னொன்றும் போட்டாள். ருசி பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? பார்த்தாள். பயத்தில் நாக்கு செத்துக் கிடந்தது. அவளுக்கு எல்லாம் வெந்நீராகத்தான் இருந்தது.

நாற்பது பேர் முதல் வாய் குடித்தார்கள். தக்காளி அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எட்டுப் பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று கண்ணில் நீர் முட்டியது. எழுதி வந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"உப்புக் கரிக்குது. தப்பு என் மேலதான். எங்க சமையலறையில மூணு பேர் போட்டாத்தான் உப்பு. பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் தனியா நின்னு சமைச்சேன். தனியா நின்னா என்ன ஆகும்னு நீங்களே குடிச்சுப் பாத்துட்டீங்க. இப்ப எங்க சங்கமும் அப்படித்தான் தனியா நிக்குது. அதனாலதான் உங்ககிட்ட வந்தோம்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் ஒரு அம்மாள் சிரித்தபடி எழுந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். கை தூக்கச் சொன்னார்கள். முப்பத்தோரு கை எழுந்தது. தக்காளி அண்ணனின் கை எழவில்லை.

அடுத்த வாரம், உறுப்பினராகிவிட்ட சங்கத்துக்கு முதல் காய் வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் தக்காளி அண்ணனேதான். கூடைகளை இறக்கி வைத்த பிறகும் மனுஷர் கிளம்பவில்லை. சமையலறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். உள்ளே மூன்று பேரும் தலையாட்டியாயிற்று. அண்டா இறங்க வேண்டிய நேரம்.

"நானும் பாக்கலாமா?" என்று உள்ளங்கையை நீட்டினார்.

அக்கா ஒரு கரண்டி எடுத்து ஆற்றி ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். யோசித்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒரு கிள்ளு கம்மி."

எட்டுப் பெண்களும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் தலையாட்டிய பிறகு அந்த அறையில் அப்படி யாரும் சொன்னதே கிடையாது. பதில் அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, உப்பு டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே போடுங்க."

போட்டார். கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே, மூன்று பேரும் முதலிலிருந்து மறுபடி ருசி பார்த்தார்கள். அன்று சாப்பாடு பத்து நிமிஷம் தாமதமாகத்தான் போனது.