அண்ணனின் காரும் பழைய ரப்பர் வளையமும்

அண்ணன் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது அவருடைய காருக்காக மெயின்லாண்டிலிருந்து அந்தமானுக்கு ஆயில் ஃபில்டர் சுமந்து வந்தவர்கள். ஆகவே அவருடைய தங்கையாகிய நான் காரைப் பற்றி எழுதினால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அண்ணன் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் பெற்றோருடன் கப்பலேறி நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். அப்பா காலமானதும் குடும்பத்தைப் போர்ட் பிளேர் பக்கத்து வண்டூருக்கு அழைத்து வந்து, மளிகைக் கடை வைத்து, என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

சுனாமியன்று கடைக்குள் கடல் புகுந்தது. நடக்க முடியாத அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு அண்ணன் மேட்டுக்கு ஓடினார். "இன்னொரு தடவை அம்மாவத் தூக்கிக்கிட்டு ஓட என்னால முடியாது" என்றவர், கடையைத் திரும்பத் திறந்ததும் முதல் வேலையாகப் பழைய கார் ஒன்றை வாங்கினார். சாவியை எப்போது திருப்பினாலும் அது கிளம்ப வேண்டும். அது ஒன்றே அவர் கவலை.

போர்ட் பிளேர் மெக்கானிக்கோ எந்த உதிரிபாகம் கேட்டாலும் "கப்பல் வரட்டும்" என்பார். பொறுத்துப் பார்த்த அண்ணன், ஃபில்டரை வீட்டிலேயே மாற்றத் துணிந்தார். ஊரிலிருந்து வருபவர்களிடம் மற்றவர்கள் முறுக்கும் புடவையும் கேட்பார்கள். இவர் ஃபில்டர் கேட்பார். இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை வேலிக் கம்பங்களுக்குப் பூசுவார். அந்த வேலியைக் கரையான் இன்றுவரை தொடவில்லை.

முதல் முறை மாற்றிய மறுநாள் காலை அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஏற்றத்தில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்து கார் நின்றது. இறங்கிப் பார்த்தால் பின்னால் சாலை நெடுக எண்ணெய்க் கோடு. அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்த பக்கத்து வீட்டு வங்காளி தாதா (தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்), "அரே, மாஜி கோ இதர் லாவ்!" என்று இந்தியில் கத்தி, அம்மாவைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அம்மா பிழைத்தார்.

பிறகு ஃபில்டரைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதியதை முறுக்கிவிட்டார். இரண்டு வளையமும் சரியாகப் பொருந்தாமல் எண்ணெய் வழிந்துவிட்டது.

"கடல்கிட்ட தப்பிச்சேன், ஒன் ரப்பர்கிட்ட மாட்டிக்கிட்டேனேய்யா" என்று அம்மா கடைசி வரை கேலி செய்தார். காரின் முன்னால் எல்லோரும் எலுமிச்சையும் மிளகாயும் கட்டும் இடத்தில் அண்ணன் அந்தப் பழைய வளையத்தைத் தொங்கவிட்டார். "யே க்யா ஹை, பாய்?" என்று தாதா அதைக் காட்டிக் கேட்டதற்கு, "நஜர் கே லியே" என்றார். திருஷ்டிக்காம்!

சிறுநீரகம் பழுதான கடைசி மாதங்களில் அண்ணனால் காருக்கு அடியில் படுக்க முடியவில்லை. அண்ணி படுத்தார். அண்ணன் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"பழைய ஃபில்டரோட ரப்பரும் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"காட்டு."

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

"எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல புள்ள. காட்டு."

அண்ணி வளையத்தைத் தூக்கிக் காட்டிய பிறகே புதிய ஃபில்டரை எடுக்க விடுவார். அந்தக் காரில்தான் அண்ணி அவரை ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஒரு நாளும் அது வழியில் நிற்கவில்லை. அண்ணன் எங்களைவிட்டுப் போனது அந்தக் காரின் குற்றமும் அல்ல, அவர் குற்றமும் அல்ல.

அம்மாவை ஏற்றிச் சென்ற தாதாவுக்கும், முகம் சுளிக்காமல் அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், துணிப்பெட்டியில் ஃபில்டருக்கு இடம் ஒதுக்கிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

நினைவு நாளுக்குக் கப்பலில் வருபவர்களை அழைத்து வர கப்பல்துறையில் கார் நிற்கும். அதற்காகப் போன வாரம் அண்ணி ஃபில்டர் மாற்றினார். நான் அருகில் இருந்தேன். பழையதைக் கழற்றியதும் அடியிலிருந்தபடியே கையை நீட்டி, "வந்துருச்சுங்க" என்று வளையத்தைத் தூக்கிக் காட்டினார். நாற்காலி காலியாக இருந்தது. நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. நான்தான் குனிந்து, "பாத்துட்டேன் அண்ணி, மாட்டுங்க" என்றேன்.